பச்சை உடம்பும் சர்க்கரை வியாதியும்

பிள்ளை பெற்றவளைப் "பச்சை உடம்புக்காரி" என்று சொல்வது நம் வீட்டுப் பெரிய பெண்களின் வழக்கம். சூளையில் வைத்துச் சுடாத மண்கலத்தைப் பச்சை மண் என்கிறோமே, அதைப் போலத் தொட்டால் வடு விழக்கூடிய நிலையில் இருக்கும் சரீரம் அது என்ற பொருளில்தான் அந்தச் சொல் பிறந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த உடம்பைக் காப்பதற்கென்றே பத்தியச் சமையலும், பிரசவ லேகியமும், நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரும், காதில் அடைக்கும் பஞ்சும் ஏற்பட்டன. இவ்வளவு ஜாக்கிரதையோடு காக்கப்படும் பெண்ணுக்குச் சர்க்கரை வியாதியும் இருந்துவிட்டால், வீட்டார் அன்போடு செய்யும் உபசாரங்களில் சில அவளுக்கு அமிர்தமாகவும், சில அபாயமாகவும் முடிகின்றன. எது எப்படி முடியும் என்று பிரித்தறியாததால் வரும் துன்பத்தைக் கண்ணெதிரே கண்டவள் ஆகையால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத எண்ணுகிறேன்.

என் தமக்கையின் மகளுக்குப் பதினான்காம் வயதிலிருந்து சர்க்கரை வியாதி. அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை. ஊசியால் செலுத்திக்கொள்ளும் இன்சுலின்தான் அவளுக்கு உயிர். கர்ப்ப காலம் முழுவதும் ஒரு தபசைப் போல இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்து, சுகப் பிரசவமாகி, பெண் குழந்தையோடு தாய்வீடு வந்து சேர்ந்தாள். ஒன்பதாம் நாள் இரவு இரண்டு மணி இருக்கும். குழந்தையின் அழுகை ஓயாததைக் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தாள் என் தமக்கை. பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்; குழந்தை மடியிலிருந்து சரிந்து பாயில் கிடந்தது; ரவிக்கை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. "என்னடி ஆயிற்று?" என்று கேட்டதற்கு, "பால் பொங்குகிறது அம்மா, இறக்கி வை" என்று சம்பந்தமில்லாமல் குழறினாள். பக்கத்தில் படுத்திருந்த பாட்டி, "அசதியம்மா, பச்சை உடம்பு, படுக்க வை, தூங்கட்டும்" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டுப் படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது. பன்னிரண்டு வருஷம் அந்த வியாதியோடு பழகியவள் என் தமக்கை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி, மகளுக்கு விழுங்கும் உணர்வு இருக்கிறதென்று தெரிந்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். பிறகு விரல் நுனியில் குத்திச் சோதித்தபோது மீட்டர் 48 என்று காட்டியது. கால் மணி நேரம் பொறுத்து மறுபடி பார்த்து, மறுபடி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, 90-ஐத் தாண்டிய பிறகு ஒரு தம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்த பின்தான் அவள் கண்ணில் தெளிவு வந்தது. மறுநாள் நான் போயிருந்தபோது, "கர்ப்பத்தில் போட்ட அளவில் பாதிதானே போட்டேன் சித்தி! அதுவும் தாங்கவில்லையே" என்று அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அது ஏன் தாங்கவில்லை என்பதை அறிந்துகொண்டால், இந்த விஷயத்தில் பாதி விளங்கிவிடும். கர்ப்பத்தில் சிசுவைப் போஷிக்கும் நஞ்சுக்கொடி, சிசுவுக்குக் குளுக்கோஸ் தட்டாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தாயின் இன்சுலினுடைய வேகத்தை மட்டுப்படுத்தும் ஹார்மோன்களை ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. ஆரோக்கியமான பெண்ணின் கணையம் அதை ஈடுகட்ட அதிக இன்சுலினைச் சுரக்கும். ஊசி போட்டுக்கொள்பவளோ மாதத்துக்கு மாதம் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஒன்பதாம் மாதத்தில் பழைய அளவைப் போல் இரண்டு மடங்கு தேவைப்படுவது சகஜம். பிரசவமாகி நஞ்சு விழுந்ததும் அந்த ஹார்மோன்களும் சில மணி நேரத்துக்குள் மறைந்துபோகின்றன. நேற்றுவரை ஏறிவந்த மலையிலிருந்து ஒரே இரவில் அடிவாரத்துக்கு இறங்குவதைப் போல, இன்சுலின் தேவை கர்ப்பத்துக்கு முந்தைய அளவுக்கும் கீழே போய்விடக் கூடும். ஆகையால் பிரசவத்துக்கு முன்பே, "குழந்தை பிறந்தவுடன் எவ்வளவு போட வேண்டும்?" என்று வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்வது ஒவ்வொரு இன்சுலின்காரியும் மறக்காமல் செய்ய வேண்டிய காரியம்.

இதற்கு மேல் பால் ஒன்று இருக்கிறது. தாய்ப்பாலில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் பால்சர்க்கரை உண்டு. பால் நன்றாக ஊறிவிட்ட தாய், நாள் ஒன்றுக்கு முக்கால் லிட்டர் பால் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், சுமார் 50 கிராம் சர்க்கரை, அதாவது பத்துத் தேக்கரண்டி, அவள் உடம்பிலிருந்து குழந்தையின் வயிற்றுக்குப் போகிறது. இந்தப் பால்சர்க்கரை அவளுடைய இரத்தத்திலுள்ள குளுக்கோஸிலிருந்தே உண்டாவது. குழந்தை குடிக்கக் குடிக்கத் தாயின் இரத்தச் சர்க்கரை இறங்குவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அதிலும் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவிலும் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் பால் கொடுப்பவளுக்கு ஆபத்து இரவில்தான் ஒளிந்திருக்கிறது. பால் கொடுக்க உட்காரும் இடத்தில், கை நீட்டினால் எட்டும்படி, ஒரு சொம்புத் தண்ணீரும் சர்க்கரை டப்பாவும் ஏதாவது ஒரு சிற்றுண்டியும் இருக்க வேண்டும். முடிந்தால் பால் கொடுக்கும் முன் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்; 70-க்குக் கீழே இருந்தால் முதலில் தனக்குச் சர்க்கரை, பிறகுதான் குழந்தைக்குப் பால். குழந்தை அழும்போது இந்த வரிசையைக் கடைப்பிடிப்பது ஒரு தாய்க்கு எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மயங்கி விழும் கையில் குழந்தை இருக்கலாகாது. உணர்வு தப்பிவிட்டவளுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அந்த நிலையில் செய்ய வேண்டியது 108-ஐ அழைப்பது ஒன்றே.

கர்ப்ப காலத்தில் சிசுவின் பொருட்டுச் சர்க்கரையை மிகவும் இறுக்கிப் பிடித்த பெண்கள், பிரசவத்துக்குப் பிறகும் அதே கடுமையோடு தங்களை வருத்திக்கொள்வதுண்டு. அது தேவையில்லை. அளவு சற்று மேலே இருப்பதைக் காட்டிலும், தூக்கமில்லாத ஒரு தாய்க்கு அது தாழ்ந்துபோவதே அதிக ஆபத்து என்பதால், வைத்தியர்களே இந்தக் காலத்தில் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கிறார்கள்.

இன்சுலின் என்பது கண்டுபிடிக்கப்பட்டு நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. 1921-இல் கனடாவின் டொரொண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்து, 1922 ஜனவரியில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தினார்கள். அதற்கு முன்னால் இந்த வகைச் சர்க்கரை வியாதி கொண்ட பெண் கருவுறுவதே அரிது. கருவுற்றாலும் தாயும் சேயும் பிழைப்பது அதனினும் அரிது. என் தமக்கை மகள் மடியில் ஒரு பெண் குழந்தை கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இருவரையும் நினைத்துக்கொள்கிறேன்.

இனிக் குழந்தையின் சங்கதிக்கு வருவோம். தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவுக்குப் போகும். தாயின் இன்சுலின் அப்படிக் கடந்து போவதில்லை. சர்க்கரை மிகுதியாக வரவரச் சிசுவின் சின்னஞ்சிறு கணையம் தானே அதிக இன்சுலினைச் சுரந்து பழகிவிடுகிறது. தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுபோகிறது. சுரந்த இன்சுலினோ உடனே நிற்பதில்லை. அதனால் பிறந்த முதல் சில மணி நேரத்தில் குழந்தையின் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, கை கால் நடுங்குவதும், துவண்டு போவதும், பால் குடிக்காமல் உறங்கிக் கிடப்பதும் நேரலாம். குழந்தையின் குதிகாலில் செவிலியர் ஊசியால் குத்திச் சொட்டு இரத்தம் எடுப்பதைக் கண்டு பாட்டிமார் பதறுகிறார்கள். பதற வேண்டாம், அந்தச் சோதனை குழந்தையைக் காப்பதற்காகவே.

இதற்கு முதல் மருந்து சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்து, பிறகு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை விடாமல் கொடுத்துவர வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, குடும்பத்தில் குணவான் ஒருவரைக் கொண்டு தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தொட்டு வைத்துச் 'சேனை' கொடுக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பச்சிளங் குழந்தைக்குத் தேன் விஷமாகவும் ஆகக்கூடும் என்பதும், சேனை வைக்கும் சடங்குக்காகக் காத்திருக்கும் நேரம் சர்க்கரை வியாதிக்காரியின் குழந்தைக்கு இழக்கத் தகாத நேரம் என்பதும் உண்மை. சில சமயம் இத்தகைய தாய்மாருக்குப் பால் இறங்குவது ஓரிரு நாள் தாமதப்படுகிறது. "இவளுக்குப் பால் இல்லை" என்று யாரும் தீர்ப்புச் சொல்லிவிடாமல், குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டுப் பழக்கினால் பால் வந்துவிடும். சர்க்கரைக்காரியின் பால் இனிப்பு மிகுந்தது, அது குழந்தைக்கும் அந்த வியாதியைக் கொடுத்துவிடும் என்ற பேச்சு அடியோடு தவறு. அவள் போட்டுக்கொள்ளும் இன்சுலினாலும் குழந்தைக்குக் கெடுதி இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மெட்ஃபார்மின் பால் கொடுக்கும் காலத்துக்கு ஏற்றதாகவே கருதப்படுகிறது. மற்ற மாத்திரைகளை வைத்தியரிடம் கேட்காமல் தொடரக் கூடாது.

ஆகாரத்தைப் பற்றிச் சொல்லும்போது, நம் பத்தியச் சமையலை நான் மனமார வணங்குகிறேன். பூண்டுக் குழம்பும், முருங்கைக்கீரையும், பால்சுறாப் புட்டும், சின்ன மீனும், முட்டையும் புரதத்தையும் இரும்பையும் கொடுத்து இரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றாதவை. சர்க்கரை வியாதிக்காரிக்கு இதைவிட நல்ல சாப்பாட்டை எந்த நிபுணரும் சொல்லிவிட முடியாது. குறை எங்கே என்றால், அந்தக் குழம்போடு குவித்துப் போடும் சோற்றிலும், வேளைக்கு ஓர் உருண்டை என்று கொடுக்கும் லேகியத்திலும் இருக்கிறது. "கருப்பட்டி போட்டதுதானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்லாத வீடு இல்லை. கருப்பட்டியும் வெல்லமும் சர்க்கரையே. உடம்புக்குள் போனபின் நிறத்தைப் பார்த்து யாரும் சலுகை காட்டுவதில்லை. லேகியத்தை விட மனமில்லையென்றால், சுக்கும் மிளகும் திப்பிலியும் சேர்ந்த மருந்துப் பொடியைக் கருப்பட்டிப் பாகில் கிளறாமல் துவையலிலோ குழம்பிலோ சேர்த்துக்கொள்ளலாமே! பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் ரொட்டியும், ரஸ்க்கும், சத்துப்பானப் பொடியும் அலமாரியை நிறைத்துவிடுகின்றன. அவற்றை வீட்டிலுள்ள மற்றவர்கள் தீர்த்துவிடுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் பேருதவி.

ஆனால் சர்க்கரைக்குப் பயந்து அவளைப் பட்டினி போடுவதும் அதே அளவு பிழை. பால் கொடுக்கும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கணக்கு. வேளைக்கு வேளை சாப்பிட வேண்டும். இடையிடையே சுண்டலோ, வேர்க்கடலையோ, மோரோ கொடுக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று தடுக்கும் வழக்கம் இருக்கும் வீடுகளில், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

வெந்நீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்ட சிறிது நேரத்துக்குள் சூடான நீரை உடம்பில் ஊற்றினால், தோலில் இரத்த ஓட்டம் பெருகி, மருந்து வழக்கத்தைவிட விரைவாக இரத்தத்தில் கலந்து, சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்றிப் பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டும் நம் நாட்டில் இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். குளியல் முதலில், ஊசியும் சாப்பாடும் பிறகு என்று வைத்துக்கொண்டால் உபத்திரவம் இல்லை. வயிற்றுத் தையலோ கீழ்த் தையலோ சிவந்து, நீர் கசிந்து, காய்ச்சல் கண்டால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; சர்க்கரை மிகுந்த உடம்பில் புண் ஆறுவதும் தாமதம், கிருமி பெருகுவதும் சுலபம். மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தாலும் அப்படியே. காய்ச்சலில் சாப்பிட முடியவில்லையே என்று இன்சுலினை அடியோடு நிறுத்திவிடலாகாது என்பதை இன்சுலினை நம்பி வாழ்கிறவர்கள் மறக்கக் கூடாது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் முன்பே வியாதி உள்ளவர்களைப் பற்றியது. அவர்களைவிடப் பன்மடங்கு பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது: கர்ப்பத்தில் மட்டும் சர்க்கரை கண்டு, பிரசவமானதும் அது மறைந்துபோனவர்கள். தமிழ்நாட்டில் டாக்டர் வி. சேஷையாவும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வில், நகரப் பகுதிக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேருக்கும், கிராமப் பகுதியில் ஏறத்தாழ 10 பேருக்கும் கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை இரத்தம் எடுத்து, 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ வியாதி என்று கொள்ளும் எளிய சோதனையை, சாப்பிட்டுவிட்டு வந்த பெண்ணுக்கும் செய்யலாம் என்று அவர் வற்புறுத்தினார். காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வர முடியாத கிராமத்துக் கர்ப்பிணியின் கஷ்டத்தை உணர்ந்த மனம் அது. 2007-இல் தமிழக அரசு, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இந்தச் சோதனை செய்யப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் பிறந்த மார்ச் 10-ஆம் தேதி கர்ப்ப காலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நம் நாட்டில் கொண்டாடப்படுகிறது.

இப்படிக் கர்ப்பத்தில் தேடித் தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட வியாதி, பிரசவத்துக்குப் பிறகு ஒருவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது என்பதுதான் என் மனத்தை உறுத்தும் குறை. நஞ்சு விழுந்ததும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இயல்புநிலைக்கு வந்துவிடும். "பிள்ளையோடு வந்தது, பிள்ளையோடு போயிற்று" என்று வீடு நிம்மதியடைகிறது. ஆனால் கர்ப்பம் என்பது கணையத்துக்கு இயற்கை வைத்த ஒரு பரீட்சை. அதில் தடுமாறிய கணையம் பிற்காலத்தில் மறுபடி தடுமாறக்கூடும். பல நாடுகளின் ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2020-இல் வெளியான கணக்கின்படி, கர்ப்ப காலச் சர்க்கரை கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்த அதிர்ஷ்டசாலிகள் அவர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வியாதியின் விளிம்பில் நின்றவர்கள் நடையும் உணவுக் கட்டுப்பாடும் கைக்கொண்டதால் வியாதி வருவது நூற்றுக்கு 28-க்கு மேல் குறைந்தது. பால் கொடுப்பதும் தாயின் பிற்காலச் சர்க்கரையைக் குறைக்க உதவுகிறது. வைத்தியர் அனுமதித்தபின், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி வேகமாக நடந்தால் போதும். அந்த அரை மணி நேரம் குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்பதே உண்மையான கேள்வி. அதற்கு அவள் கணவன் பதில் சொல்ல வேண்டும்.

பல வாரமாகியும் சோர்வு நீங்காமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தால் அதைப் பிள்ளை வளர்க்கும் அலுப்பு என்று தள்ளிவிடலாகாது. இன்சுலின் போடும் தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பின் தைராய்டு கெடுவதும் உண்டு, மனச்சோர்வு காண்பதும் உண்டு. இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. முன்பே வியாதி உள்ளவர்கள் முதல் வருஷத்துக்குள் கண்ணின் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அடுத்த குழந்தையைத் திட்டமிட்டே பெற வேண்டும். சிசுவின் உறுப்புகள் முதல் இரண்டு மாதத்திலேயே உருவாகிவிடுவதால், சர்க்கரையைக் கருவுறுவதற்கு முன்பே சீராக்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, இதைப் படிக்கும் பாட்டிமாரிடமும் கணவன்மாரிடமும் ஒரு விண்ணப்பம். குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி போட வேண்டும் என்பதை யாரும் மறப்பதில்லை. தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கிறீர்கள். கர்ப்பத்தில் சர்க்கரை கண்ட தாய்க்குச் செய்ய வேண்டிய சோதனைக்கும் அதுவே காலம்: பிரசவமான ஆறாவது வாரம். அன்று காலை அவள் வெறும் வயிற்றோடு குழந்தையுடன் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். முதலில் ஒருமுறை இரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை கொடுக்கட்டும். வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்துக்குப் பின் 200. இவற்றில் எதைத் தொட்டாலும் சர்க்கரை வியாதி. பிந்தியது 140-லிருந்து 199 வரை என்றால் விளிம்பு. எல்லாம் சரியாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் குழந்தையை நீங்கள் மடியில் வைத்துக்கொண்டிருங்கள்.